களச் சரிபார்ப்பை நிறுத்தியவர்களுக்கு ஒரு திறந்த மடல்

நிலப் பயன்பாட்டு மாற்றங்களைக் கண்காணிக்கும் பிரிவின் பொறுப்பாளர்களுக்கும், அதற்கான ஆழக்கற்றல் மாடலை (படங்களைப் பார்த்துத் தானே கற்றுக்கொள்ளும் கணினி நிரலை) பராமரிக்கும் குழுவினருக்கும்,

உங்கள் சுற்றறிக்கையைப் படித்தேன். இனிமேல் செயற்கைக்கோள் படத்தில் மாடல் காட்டும் காட்டிழப்புக்கும் சாகுபடி நில மாற்றத்துக்கும் களச் சரிபார்ப்பு கட்டாயமில்லை. எச்சரிக்கை வந்ததும் நிலத்துக்காரருக்கு நேராக நோட்டீஸ் போய்விடும். தவறென்றால் 30 நாளுக்குள் அவரே நிரூபிக்க வேண்டும். இவ்வளவுக்கும் நீங்கள் சொல்லியிருக்கும் காரணம் ஒரே வரி: மாடலின் துல்லியம் 95 விழுக்காட்டை எட்டிவிட்டது.

அந்த மாடலுக்குப் பயிற்சி கொடுப்பதற்காகத் திரை முன்னால் உட்கார்ந்து காடு, தரிசு, பயிர், தோட்டம் என்று எல்லை வரைந்து கொடுத்தவர்களில் நானும் ஒருவன். அது கொடுத்த எச்சரிக்கைகளை ஜிபிஎஸ் கருவியோடு போய்ப் பார்த்து, "ஆம்" என்றும் "இல்லை" என்றும் எழுதி அனுப்பியவர்களிலும் ஒருவன். இரண்டு வேலையும் செய்தவன் என்ற உரிமையில் சொல்கிறேன்: இந்த முடிவு தவறு, திரும்பப் பெற வேண்டும்.

தொழில்நுட்பம் பிடிக்காத ஆள் என்று மடலை ஓரம் கட்டிவிடாதீர்கள். செயற்கைக்கோள் இல்லாமல் காட்டைக் காக்க முடியும் என்று நான் நம்பவில்லை. நிலத்தைப் படமெடுக்கும் அமெரிக்காவின் முதல் லேண்ட்சாட் செயற்கைக்கோள் ஏவப்பட்டது 1972-இல். ஆனால் 2008-இல் அந்தப் படங்களை இலவசமாகத் திறந்துவிடும் வரை ஒவ்வொன்றையும் காசு கொடுத்துத்தான் வாங்க வேண்டும். பத்து வருட இடைவெளியில் இரண்டு படம் வாங்கி, பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்துவிட்டு அதையே ஆய்வென்று சொன்ன காலம் அது. 2015-இல் சென்டினல்-2ஏ, 2017-இல் சென்டினல்-2பி என்ற ஐரோப்பியச் செயற்கைக்கோள்கள் வந்த பிறகு, 10 மீட்டர் நுணுக்கத்தில் (படத்தின் ஒரு புள்ளி, அதாவது பிக்சல், தரையில் 10 மீட்டர்) ஐந்து நாளுக்கொரு படம் கைக்கு வருகிறது. இவ்வளவையும் மனிதக் கண் பார்த்து முடிக்காது, மாடல் வேண்டும். அதில் எனக்கு மாற்றுக் கருத்தே இல்லை.

பிரேசிலைப் பாருங்கள். அங்குள்ள விண்வெளி ஆய்வு நிறுவனமான ஐஎன்பிஇ, 1988 முதல் பிரோடெஸ் திட்டத்தில் அமேசான் காட்டழிப்பை ஆண்டுதோறும் அளந்து வருகிறது. 2004 முதல் டிடெர் வழியாக உடனுக்குடன் எச்சரிக்கையும் தருகிறது. 2019-இல் நாட்டின் அதிபரே அந்தக் கணக்கைப் பொய் என்றபோது, நிறுவனத்தின் இயக்குநர் ரிக்கார்டோ கல்வாவோ பின்வாங்கவில்லை; பதவியை இழந்தார். அவரால் அப்படி நிற்க முடிந்தது சும்மா அல்ல. பிரோடெஸ் எல்லைகள் பயிற்சி பெற்ற நிபுணர்கள் படத்தைக் கண்ணால் பார்த்து உறுதிசெய்தவை. முறை என்ன என்பதும் எல்லோருக்கும் தெரியும்படி வெளியிடப்பட்டிருந்தது. யார் வேண்டுமானாலும் திறந்து பார்த்துக் கேள்வி கேட்கலாம். உங்கள் சுற்றறிக்கையில் இல்லாதது அந்த இரண்டும்தான்.

இப்போது அந்த 95-க்கு வருகிறேன்.

பத்தாயிரம் நிலத்துண்டுகளை எடுத்துக்கொள்வோம். ஒரு பருவத்தில் அவற்றில் உண்மையாகவே மாறுவது நூற்றுக்கு ஒன்று என்று வைத்துக்கொண்டால் 100 துண்டுகள். மாடல் மாறியதில் 95 விழுக்காட்டைப் பிடிக்கிறது, மாறாததில் 95 விழுக்காட்டைச் சரியாக விட்டுவிடுகிறது என்றும் வைத்துக்கொள்வோம். நீங்கள் சொல்வதைவிடத் தாராளமான கணக்குதான் இது. மாறிய 100-இல் 95 பிடிபடும். மாறாத 9,900-இல் 5 விழுக்காடு, அதாவது 495 துண்டுகள், மாறியதாகப் பதிவாகும். மொத்த எச்சரிக்கை 590. அவற்றில் 495 பொய். நோட்டீஸ் வாங்கும் ஆறு பேரில் ஐந்து பேர் எதுவுமே செய்யாதவர்கள். மாடலின் துல்லியமோ அப்போதும் 95 விழுக்காடுதான்! இன்னொன்றும் சொல்கிறேன்: எந்தப் படத்தையும் பார்க்காமல், "எங்குமே எதுவும் மாறவில்லை" என்று எழுதிவைக்கும் ஒரு வரி நிரலுக்கு இதே இடத்தில் 99 விழுக்காடு துல்லியம் கிடைக்கும். மாற்றம் அரிதாக நடக்கும் இடத்தில் ஒட்டுமொத்தத் துல்லியம் என்ற எண்ணுக்குப் பெரிய பொருள் கிடையாது. இது உங்கள் குழுவில் யாருக்கும் தெரியாத விஷயமல்ல. தெரிந்தும் சுற்றறிக்கையில் அந்த எண்ணை மட்டும் போட்டதுதான் எனக்கு வருத்தம்.

அந்த 95-உம் எப்படி வந்தது? ஒரு பெரிய படத்தை 256-க்கு 256 பிக்சல் துண்டுகளாக நறுக்கி, கலைத்துப் போட்டு, பெரும்பகுதியைப் பயிற்சிக்கும் மிச்சத்தைச் சோதனைக்கும் ஒதுக்கினீர்கள். நான் வரைந்து கொடுத்த எல்லைகள் என்பதால் எந்தத் துண்டு எங்கே போனது என்று எனக்குத் தெரியும். சோதனைத் துண்டுக்கு இடப்பக்கத்து வயல் பயிற்சியில் இருக்கிறது, வலப்பக்கத்து வயலும் பயிற்சியில் இருக்கிறது. ஒரே மண், ஒரே நாள், ஒரே வெளிச்சம். மாடல் நன்றாகத்தான் மதிப்பெண் வாங்கும். மத்திய ஆப்பிரிக்கக் காடுகளின் உயிர்ப்பொருள் அளவை (மரங்களின் மொத்த நிறையை) வரைபடமாக்குவது பற்றி 2020-இல் வெளியான ஓர் ஆய்வு இதை முகத்திலடித்தாற்போல் காட்டியது. கலைத்துப் போட்டுச் சோதித்தபோது அந்த அளவு இடத்துக்கு இடம் வேறுபடுவதில் பாதிக்கு மேல் மாடல் சரியாகக் கணிப்பதாகத் தெரிந்தது. பயிற்சி இடங்களுக்குத் தொலைவில் உள்ள இடங்களில் சோதித்தபோது அதன் கணிப்புத் திறன் ஏறக்குறைய ஒன்றுமேயில்லை. நீங்கள் அப்படித் தள்ளிவைத்துச் சோதித்தீர்களா? சோதித்திருந்தால் அந்த எண் எங்கே?

நோட்டீஸில் "நம்பகத்தன்மை 0.97" என்று ஒரு வரி அச்சாகிறது. வாங்குகிறவர் அதை நூற்றுக்கு 97 உறுதி என்றுதான் படிப்பார். நீதிமன்றமும் அப்படித்தான் படிக்கும். ஆழமான நரம்பு வலைகள் (உங்கள் மாடலும் அந்த வகைதான்) தங்கள் தீர்ப்பில் அளவுக்கு மீறி உறுதி காட்டும் என்பது 2017-இலேயே நன்கு காட்டப்பட்ட விஷயம். உண்மையில் எத்தனை முறை சரியாக வந்தது என்பதோடு ஒப்பிட்டு அந்த எண்ணைத் தனியாகச் சரிசெய்யாவிட்டால் அது நிகழ்தகவு ஆகாது. பயிற்சியில் பார்த்திராத ஒரு மேகநிழலுக்கும் அது கூச்சமில்லாமல் 0.97 போடும்.

களச் சரிபார்ப்பால் என்ன பயன் என்று கேட்கிறீர்கள். 2022-இன் தொடக்கத்தில் நடந்ததை உங்களில் சிலர் மறந்திருக்கலாம், நான் மறக்கவில்லை. திடீரென்று எச்சரிக்கைகள் கொட்டின. அதுவும் யாரும் கோடரி எடுத்துப் போகாத அடர்காட்டுக்குள், வழியே இல்லாத சரிவுகளில். அலுவலகத்தில் முதலில் எல்லோருக்கும் பரபரப்பு. பெரிய காட்டழிப்பு ஒன்றைக் கண்டுபிடித்துவிட்டோம் என்றே பேச்சு. நாங்கள் ஏறிப் போய்ப் பார்த்தோம். மரங்கள் அப்படியே நின்றன. ஒரு புள்ளியில் அல்ல, போன புள்ளியெல்லாம். அண்ணாந்து பார்த்தால் வானம் தெரியாத இடத்தில் நின்றுகொண்டு, கருவியில் "மர மூடல் இழப்பு", அதாவது நிலத்தை மேலே மூடியிருக்கும் கிளைகளின் மறைப்பு போய்விட்டது, என்று படிப்பது ஒரு தனி அனுபவம்.

காரணம் காட்டில் இல்லை, கோப்பில் இருந்தது. 2022 ஜனவரி 25 முதல் சென்டினல்-2 படங்களைத் தயாரிக்கும் முறையை ஐரோப்பிய விண்வெளி முகமை மாற்றியது. மிக இருண்ட பரப்புகளில் மதிப்பு பூச்சியத்துக்குக் கீழே போனால் வெட்டுப்படாமல் இருக்கட்டும் என்று, ஒவ்வொரு ஒளி அலைவரிசையின் எண்ணோடும் 1000 கூட்டிக் கொடுக்கத் தொடங்கினார்கள். படிக்கிறவர்கள் அதைக் கழித்துக்கொள்ள வேண்டும். இது முன்கூட்டியே அறிவிக்கப்பட்டதுதான். நமது நிரல் கழிக்கவில்லை. அந்த எண்ணில் 10,000 என்பது முழுப் பிரதிபலிப்பு. ஆக 1000 என்றால் 0.1. நல்ல காடு சிவப்பு ஒளியில் 0.04, கண்ணுக்குத் தெரியாத அண்மை அகச்சிவப்பு ஒளியில் 0.40 என்று பிரதிபலிக்கும். இந்த இரண்டின் வித்தியாசத்தைக் கூட்டுத்தொகையால் வகுத்தால் வரும் பசுமைக் குறியீடு 0.82. இரண்டிலும் 0.1 கூடிவிட்டால் 0.14-உம் 0.50-உம் ஆகும், குறியீடு 0.56-க்கு விழுந்துவிடும். முந்தைய ஆண்டின் படத்தோடு ஒப்பிட்டால் காட்டில் மூன்றில் ஒரு பங்கு பசுமை போனது போலத் தெரியும். மாடல் தன் வேலையைச் சரியாகத்தான் செய்தது. அதற்குக் கொடுத்த படம்தான் வேறு அளவில் இருந்தது.

இதை எது கண்டுபிடித்தது? மாடலின் மதிப்பெண் கண்டுபிடிக்கவில்லை. அது பழைய சோதனைத் துண்டுகளில் அதே உயரத்தில் நின்றது. மரத்தடியில் போய் நின்றவர்கள் "இங்கே ஒன்றும் நடக்கவில்லை" என்று அனுப்பிய குறிப்புகள்தான் கண்டுபிடித்தன. அப்போது இந்தச் சுற்றறிக்கை நடைமுறையில் இருந்திருந்தால் அத்தனையும் நோட்டீஸாகப் போயிருக்கும். நாளைக்கு இன்னொரு செயற்கைக்கோள் சேரும், இன்னொரு தயாரிப்பு முறை வரும், மேகத்தை மறைக்கும் நிரல் புதுப்பிக்கப்படும். ஒவ்வொரு முறையும் இப்படி ஏதாவது நழுவும். அதைத் தரையில் நிற்கிறவர் சொல்லாமல் நீங்கள் எப்படித் தெரிந்துகொள்வீர்கள்?

அடர்காடு பெரிது, அங்கே தவறு நடந்தால் யாருக்காவது உறுத்தும். சின்ன நிலத்தில் நடந்தால் யாருக்கும் உறுத்தாது. ஒரு வயதான அம்மா நோட்டீஸை என்னிடம் நீட்டி, "தம்பி, இதுல என் நிலம் எங்க இருக்குன்னு காட்டு" என்றார். அதில் ஒரு பலகோண எண், இரண்டு ஆயத்தொலைவு எண்கள், அந்த 0.97. படம் இல்லை, தேதி இல்லை. கருவியில் போட்டுப் பார்த்தேன். அவருடைய வயலின் மேற்கு வரப்பில் காற்றுத் தடுப்புக்காக வளர்த்த ஒற்றை வரிசை மரங்கள். ஆடுகளுக்குத் தழை ஒடித்திருக்கிறார். மரம் ஒன்றுகூட விழவில்லை. ஒடித்த இடத்தில் துளிர் விட்டுக்கொண்டிருந்தது. "ஒடிச்சாத்தானே தம்பி தழையும்?" என்று அவர் கேட்டதற்கு உங்கள் படிவத்தில் பதில் எழுத இடம் இல்லை.

அரை ஹெக்டேர் நிலம் 10 மீட்டர் பிக்சலில் ஏறக்குறைய ஏழுக்கு ஏழு கட்டம். 49 பிக்சலில் 24 ஓரத்தில் கிடக்கின்றன; அதாவது பாதிக்குப் பாதி பிக்சலில் பக்கத்து வரப்போ, பாதையோ, வாய்க்காலோ கலந்திருக்கிறது. ஒரு தேதிப் படம் இன்னொன்றின் மேல் ஒரு பிக்சல் நகர்ந்து உட்கார்ந்தால் போதும், ஓரம் முழுக்க மாற்றமாகத் தெரியும். நூறு ஹெக்டேர் தோட்டத்துக்கு இது தூசு. அரை ஹெக்டேர்க்காரருக்கு இதுவே நிலத்தில் பாதி. ஒட்டுமொத்தத் துல்லியத்தைப் பிக்சல் கணக்கில் பார்க்கும்போது பெரிய நிலங்களின் நடுப்பிக்சல்கள் சின்ன நிலங்களின் ஓரப்பிக்சல்களை மூழ்கடித்துவிடுகின்றன. உங்கள் 95-இல் அந்த அம்மாவின் வரப்பு எங்கேயும் இல்லை.

பருவம் என்று ஒன்று இருக்கிறது. தேக்குக் காடு கோடையில் இலை உதிர்த்து வெறும் குச்சியாக நிற்கும். ரப்பர் மரமும் ஆண்டுக்கொருமுறை உதிர்க்கும். மழை முடிந்த மாதத்துப் படத்தையும் வறண்ட மாதத்துப் படத்தையும் ஜோடி சேர்த்தால் காடு காணாமல்தான் போகும். ஒரு பருவம் தரிசாகக் கிடந்துவிட்டு மறு பருவம் உழுத நிலத்தை மாடல் "புதிய சாகுபடி விரிவாக்கம்" என்கிறது. அந்த நிலம் தலைமுறை தலைமுறையாக உழுதது. இரண்டு தேதிகளை மட்டும் ஒப்பிடும் வலைக்கு இதைச் சொல்லிக் கொடுப்பது கடினம். பல ஆண்டுகளின் தொடர்வரிசையைப் பார்க்கும் முறைகள் இருக்கின்றன. நீங்கள் ஏன் இரண்டு தேதியிலேயே நிற்கிறீர்கள் என்பது எனக்கு விளங்கவில்லை. கணினிச் செலவு என்றால் அதையாவது சொல்லுங்கள்.

ஆண்டு வரைபடங்களைக் கழித்துப் பார்த்து மாற்றம் கண்டுபிடிப்பது அதைவிட மோசம். தனித்தனியே 90 விழுக்காடு சரியான இரண்டு வரைபடங்களில், பிழைகள் ஒன்றுக்கொன்று தொடர்பில்லாதவை என்றால், இரண்டிலும் சரியாக இருக்கும் இடம் 81 விழுக்காடுதான். ஐரோப்பிய விண்வெளி முகமையின் வேர்ல்ட்கவர் என்ற உலக நிலப்பரப்பு வகை வரைபடங்களை எடுத்துக்கொள்ளுங்கள். 2020-க்கான வரைபடத்தின் ஒட்டுமொத்தத் துல்லியம் 74.4 விழுக்காடு, 2021-க்கு 76.7 விழுக்காடு என்று தயாரித்தவர்களே வெளியிட்டிருக்கிறார்கள். இரண்டும் வெவ்வேறு அல்காரிதப் பதிப்பில் செய்யப்பட்டவை, இடையில் தெரியும் வித்தியாசத்தில் அந்தப் பதிப்பு மாற்றமும் கலந்திருக்கிறது என்றும் எச்சரித்திருக்கிறார்கள். உலகத்துக்கே வரைபடம் செய்தவர்கள் தங்கள் பலவீனத்தை முதல் பக்கத்தில் சொல்கிறார்கள். நீங்கள் 95 என்பதோடு நிறுத்திக்கொண்டீர்கள்.

எது காடு என்பதிலும் சுற்றறிக்கை வாய் திறக்கவில்லை. ஐ.நா. உணவு வேளாண் அமைப்பின் கணக்கில் 0.5 ஹெக்டேருக்கு மேல், 5 மீட்டருக்கு மேல் வளரும் மரங்கள், 10 விழுக்காட்டுக்கு மேல் மர மூடல். ஆனால் முதன்மையாக விவசாயத்துக்குப் பயன்படும் நிலம் சேராது, பழத்தோட்டம் சேராது. இந்திய வன அளவை நிறுவனத்தின் கணக்கில் 1 ஹெக்டேரும் 10 விழுக்காடு மூடலும் இருந்தால் போதும், யாருடைய நிலம், என்ன பயன்பாடு என்பது பொருட்டில்லை. தோட்டமும் வனப்பரப்பில் வந்துவிடும். மேரிலாந்து பல்கலைக்கழகத்தின் ஹேன்சன் குழு 2013-இல் வெளியிட்ட உலக வரைபடம் அளப்பது 5 மீட்டருக்கு மேற்பட்ட மர மூடலை. அதில் தோட்டத்தையும் இயற்கைக் காட்டையும் ஒன்றாகச் சேர்த்ததற்கு மறு ஆண்டே மற்ற ஆய்வாளர்கள் கண்டனம் தெரிவித்தார்கள். முதிர்ந்த பழத்தோட்டத்தை வெட்டி மறுநடவு செய்பவர் இந்த வரையறைகளில் ஒன்றின்படி விவசாயி, இன்னொன்றின்படி வனப்பரப்பைக் குறைத்தவர். உங்கள் மாடல் எதைக் கற்றிருக்கிறது? எல்லை வரையும்போது எங்களுக்குக் கொடுத்த குறிப்பேடு "அடர்த்தியாகத் தெரிந்தால் காடு" என்பதற்கு மேல் பெரிதாக எதுவும் சொல்லவில்லை. நாங்கள் ஆளாளுக்கு ஒரு மாதிரி வரைந்தோம். அதுதான் இப்போது சட்டம்.

மறுபக்கமும் உண்டு. மேல்மூடலை விட்டுவிட்டு, கீழே உள்ள செடிகொடிகளையும் இளமரங்களையும் சுத்தமாக வெட்டி, நிழலில் பணப்பயிர் வைக்கிறவர்களை மேலேயிருந்து பார்க்கும் ஒளிப்படம் காட்டிக்கொடுக்காது. விலையுள்ள மரங்களை மட்டும் அங்கொன்றும் இங்கொன்றுமாக எடுத்துக்கொண்டு போகிறவர்களும் தப்பிவிடுவார்கள். பொய் எச்சரிக்கை ஒன்றைப் பார்க்கப் போன வழியில் இப்படிப்பட்ட உண்மையான அழிவைக் கண்டு நாங்கள் எழுதி அனுப்பியது உண்டு. ஆளை அனுப்பவில்லை என்றால் அந்தக் கண்ணும் போயிற்று. தழை ஒடித்தவர் மாட்டிக்கொள்வார், காட்டை உள்ளிருந்து காலி செய்தவர் நிம்மதியாக இருப்பார்.

தேதி விஷயத்தையும் பாருங்கள். மழைக்காலத்தில் வாரக்கணக்கில் மேகம் மூடியிருக்கும். எச்சரிக்கையில் அச்சாகும் தேதி மரம் வெட்டிய தேதி அல்ல. மேகம் விலகி முதல் தெளிவான படம் கிடைத்த தேதி. ஐரோப்பிய ஒன்றியத்தின் 2023-ஆம் ஆண்டுக் காட்டழிப்பு ஒழுங்குமுறை 2020 டிசம்பர் 31-ஐ வெட்டுத் தேதியாக வைத்திருக்கிறது. அதற்குப் பிறகு காடழித்த நிலத்திலிருந்து வரும், அது பட்டியலிட்ட விளைபொருள்கள் அந்தச் சந்தைக்குள் போகக் கூடாது என்கிறது. இப்படிப்பட்ட சட்டங்கள் வரும் காலத்தில் சில வார வித்தியாசம் ஒருவரின் பிழைப்பையே மாற்றிவிடும். ரேடார் மேகத்தை ஊடுருவும். அதையும் சேர்த்துப் பாருங்கள். சேர்க்கும் வரை, ஒற்றைத் தேதி போடாமல் "இந்தத் தேதிக்கும் இந்தத் தேதிக்கும் இடையே" என்றாவது எழுதுங்கள்.

எனக்கு இதையெல்லாம்விட அச்சம் தருவது வேறொன்று. நாங்கள் எழுதி அனுப்பிய "இல்லை"கள்தான் மாடலின் அடுத்த பயிற்சிக்கு உணவாகின. அவை நின்றுபோனால் அடுத்த முறை எதை வைத்துப் பயிற்சி கொடுப்பீர்கள்? மாடலே போன முறை சொன்னதை வைத்துத்தான். நோட்டீஸுக்கு மறுப்பு வரவில்லை என்றால் "சரி" என்று பதிவாகும் என்று சுற்றறிக்கையே சொல்கிறது. மறுப்பு எழுதத் தெரியாதவர், நோட்டீஸ் கைக்கே வராதவர், பயந்து அபராதம் கட்டியவர் எல்லோரும் மாடல் சரியென்பதற்குச் சாட்சி ஆகிவிடுவார்கள். இரண்டு மூன்று சுற்றுக்குப் பிறகு துல்லியம் 98 என்று வந்தாலும் நான் ஆச்சரியப்பட மாட்டேன்.

நேரமும் ஆளும் பணமும் இல்லை என்பீர்கள். எல்லா எச்சரிக்கைக்கும் ஆள் அனுப்பச் சொல்லவில்லை. மேரிலாந்து பல்கலைக்கழகத்தின் கிளாட் எச்சரிக்கைகளைப் பாருங்கள்; முதல் முறை தெரிந்ததும் அது தற்காலிகம், அடுத்தடுத்த படங்களிலும் அதுவே தெரிந்தால்தான் உறுதி. சென்டினல்-1 ரேடாரை வைத்து இயங்கும் ராட் எச்சரிக்கைகளும் அப்படியே, பின்னால் வரும் படங்களைப் பார்த்துத்தான் நம்பகத்தை உயர்த்துகின்றன. நீங்களும் இன்னொரு தெளிவான படத்துக்குக் காத்திருந்தால் மேகநிழல், படநகர்வு போன்றவை பெரும்பாலும் தாமாகவே உதிர்ந்துவிடும். மிச்சத்தில் யாருக்குத் தண்டனை போகப்போகிறதோ அங்கே மட்டும் ஆள் போகட்டும். நாய் குரைத்தால் எழுந்து போய்ப் பார்ப்போம். குரைத்ததையே சாட்சியாக வைத்து யாரையும் கட்டிப்போடுவதில்லை. பரப்புக் கணக்குக்கு இன்னும் எளிது. எழுமாற்றாகத் தேர்ந்த மாதிரிப் புள்ளிகளை அடுக்கு அடுக்காகப் பிரித்துச் சரிபார்த்து, பிழையைக் கழித்து, பிழை வீச்சோடு (எவ்வளவு கூடக் குறைய இருக்கலாம் என்பதோடு) பரப்பைச் சொல்லும் முறை 2014-இலேயே நல்ல நடைமுறையாக எழுதி வைக்கப்பட்டுவிட்டது. பிக்சலை எண்ணி ஹெக்டேர் சொல்வதை அதற்குப் பிறகும் தொடர்வதற்கு நியாயம் இல்லை.

ஆகவே கேட்கிறேன். சுற்றறிக்கையில் களச் சரிபார்ப்பைக் கைவிடும் பிரிவைத் திரும்பப் பெறுங்கள். நோட்டீஸ், அபராதம், உதவித்தொகை நிறுத்தம் என்று ஒருவரைப் பாதிக்கும் எந்த நடவடிக்கைக்கும் முன்னால் ஒரு மனிதர் அந்த இடத்தில் போய் நின்று பார்த்த பதிவு இருக்க வேண்டும். இதுவரை அப்படிப் பார்க்காமல் அனுப்பிய நோட்டீஸ்களை நிறுத்திவையுங்கள். கட்டிய அபராதத்தையும் சரிபார்ப்பு முடியும் வரை தனியே வையுங்கள்.

அனுப்பும் ஒவ்வொரு நோட்டீஸிலும் முன்படம், பின்படம் இரண்டையும் இயற்கை நிறத்தில், எடுத்த தேதிகளோடு சேருங்கள். படிக்கத் தெரியாதவரும் தன் கிணற்றையும் பாதையையும் வைத்து இடத்தை அடையாளம் காணும்படி ஒரு வரைபடம் வேண்டும். அந்த 0.97-ஐ எடுத்துவிடுங்கள், அல்லது சரிசெய்யப்பட்ட எண் எது என்று காட்டிப் போடுங்கள். 30 நாள் என்பது இவையெல்லாம் அவர் கையில் சேர்ந்த நாளிலிருந்து தொடங்கட்டும். நிரூபிக்கும் பொறுப்பு அவருடையது அல்ல, உங்களுடையது. மறுப்பு வராததைச் "சரி" என்று பதிவதை உடனே நிறுத்துங்கள்.

மாடலின் துல்லியத்தை ஒரே எண்ணாகச் சொல்லாமல், மாற்றம் என்ற வகுப்புக்குத் தனியாக வெளியிடுங்கள்: எச்சரிக்கைகளில் எத்தனை உண்மை, உண்மை மாற்றங்களில் எத்தனை விடுபட்டன, நிலப்பகுதி வாரியாகவும், அரை ஹெக்டேருக்குக் குறைந்த நிலங்களுக்குத் தனியாகவும், பிழை வீச்சோடு. சோதனை இடங்களைப் பயிற்சி இடங்களிலிருந்து தள்ளித் தேர்ந்தெடுங்கள். தேர்ந்தெடுப்பவர்கள் மாடல் செய்தவர்களாக இருக்க வேண்டாம். காடு என்று எதைக் கொள்கிறீர்கள் என்பதை, எல்லை வரைபவர்களுக்குக் கொடுக்கும் குறிப்பேட்டோடு சேர்த்துப் பொதுவில் வையுங்கள். படத் தயாரிப்பு முறை, மாடல் பதிப்பு எது மாறினாலும், தெரிந்தெடுத்த நிலையான களப் புள்ளிகளில் சரிபார்த்த பிறகே எச்சரிக்கை வெளியே போகட்டும். நாங்கள் "இல்லை" என்று எழுதிய பழைய பதிவுகளை அழிக்காதீர்கள். அவற்றை அடுத்த பயிற்சியில் சேர்த்தீர்களா, எத்தனை சேர்த்தீர்கள் என்பதைச் சொல்லுங்கள்.

இவற்றில் எதை ஏற்கிறீர்கள், எதை ஏற்கவில்லை, ஏற்காததற்கு என்ன காரணம் என்பதை, அடுத்த பருவத்தின் படங்கள் மாடலுக்குள் போவதற்கு முன்பாக எழுத்தில் தெரிவியுங்கள்.

இப்படிக்கு,
களச் சரிபார்ப்பாளர்களில் ஒருவன்